மருத்துவமும் மனையும்: டாக்டர் டி.எஸ். சௌந்தரத்தின் இல்வாழ்வும் இடப்பெயர்வும்

ஆய்வுச்சுருக்கம்

டாக்டர் டி.எஸ். சௌந்தரம் (1904–1984) காந்திகிராமத்தை நிறுவியவர் என்ற நிலையில் பெரிதும் அறியப்பட்டவர். அவரது இல்வாழ்வு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சிறுமிப் பருவத்தில் ஒரு மருத்துவருக்கு மனைவியானவர். அக்கணவரைக் கொள்ளைநோய்க்கு இழந்தவர். பின்னர்த் தாமே மருத்துவராகி மறுமணம் புரிந்தவர். அவருடைய குடும்பம் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை மருத்துவத் தொழில் எவ்வாறு முடிவு செய்தது என்பதை அவரது வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சௌந்தரம், இல்வாழ்வு, இடப்பெயர்வு, கைம்மை, ஓதற்பிரிவு, பெண் மருத்துவர், காந்திகிராமம்

முன்னுரை

ஓசூர் இன்று பலரும் வந்து குடியேறிய ஊர். சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் கிடந்த வட்டம் அது. 1965-இல் தருமபுரி மாவட்டத்தோடும் 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடும் சேர்ந்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின்னர் தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் இங்கு வந்து சேர்ந்தன. கணவனின் வேலை ஓசூரில், மனைவியின் பணி பெங்களூரில் என்றோ, அதற்கு மாறாகவோ வாழும் இல்லங்கள் இவ்வட்டாரத்தில் மிகுதி. இருவருள் ஒருவர் மருத்துவராயின் சிக்கல் மேலும் கூடும். மருத்துவரின் பணியிடத்தை நோயாளிகளே முடிவு செய்கின்றனர்.

இந்நகரின் சாலைகளில் நாள்தோறும் கண்ணில் படும் மூன்று எழுத்துகள் டி.வி.எஸ். அவற்றுள் முதலெழுத்து ஓர் ஊரைக் குறிக்கின்றது. திருநெல்வேலிச் சீமையின் வைணவத் திருப்பதிகளுள் ஒன்றான திருக்குறுங்குடியே அவ்வூர். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் போக்குவரத்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவரது பேருந்து ஓடலாயிற்று. அவர் பெயரால் வளர்ந்த தொழிற்குழுமத்தின் மொபெட்டுகள் 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்தன. அவருடைய மகளே சௌந்தரம். தந்தை பெயரில் உள்ள அதே ஊரெழுத்து மகளின் பெயரிலும் முதலில் நிற்கின்றது. மறுமணத்திற்குப் பின்னர்ச் சௌந்தரம் ராமச்சந்திரன் என்றும் அவர் வழங்கப்பட்டார். தந்தைவழி முதலெழுத்துகளும் கணவர் பெயரும் மாறி மாறி ஆவணங்களில் வருவதால், இருவேறு பெண்கள் எனப் புதிய வாசகர் மயங்கவும் கூடும்.

தொழிலதிபரின் மகள் என்றோ, காந்தியடிகளின் தொண்டர் என்றோ, நாடாளுமன்ற உறுப்பினர் என்றோ அவரை எழுதுவது வழக்கம். இம்மூன்று அடையாளங்களும் பொதுவாழ்வைச் சார்ந்தவை. இவற்றுக்கு அடியில் ஓடும் குடும்ப வரலாறு, ஒருவர் மருத்துவராக இருக்கும் இல்லத்தின் வரலாறாகும். முதல் மணத்தில் கணவர் மருத்துவர். இரண்டாம் மணத்தில் மனைவி மருத்துவர். ஒரே பெண்ணின் வாழ்வில் இவ்விரு நிலைகளும் அமைந்தமையால், இப்பொருளை ஆராய்வதற்குச் சௌந்தரத்தின் வாழ்க்கை தக்க சான்றாகின்றது.

மருத்துவரின் மனைவி

சௌந்தரம் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பிறந்தார். அக்கால அந்தணக் குடும்பங்களின் வழக்கப்படி சிறுமியாக இருந்தபோதே அவருக்கு மணம் நிகழ்ந்தது. சிறார் மணத்தைத் தடுக்கும் சட்டம் 1929-இல்தான் இயற்றப்பட்டது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். உறவினரான சௌந்தரராஜனே மணமகன். சௌந்தரத்திற்குச் சௌந்தரராஜன் என்ற பெயர்ப் பொருத்தத்தைப் பெரியவர்கள் வியந்து பேசியிருக்கவும் கூடும். ஆயினும் அவ்வாழ்வில் உண்மையாகப் பொருந்தி நின்றது பிறிதொன்று. கணவர் மருத்துவம் பயின்றவர். மனைவியின் கல்வி மணத்தோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணியவர்.

அந்நாளில் மருத்துவரின் வீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. தனி அச்சமும் உண்டு. பிளேக் என்னும் கொள்ளைநோய் 1896-இல் பம்பாயிலும் 1898-இல் பெங்களூரிலும் பரவியது. மைசூர் நாட்டிலிருந்து எல்லை கடந்து சேலம் மாவட்டத்தின் எல்லையோரப் பகுதிகளுக்கும் அது வந்தது. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் எழுந்தமை அந்நோய் மக்கள் உள்ளத்தில் பதித்த தழும்பைக் காட்டுகின்றது. எலிகள் செத்து விழத் தொடங்கியதும் ஊரார் வீட்டைப் பூட்டிவிட்டு வயல்வெளிகளில் குடிசை போட்டுக்கொண்டு வாழ்வர். நோய் தணிந்தபின் திரும்புவர். கொள்ளைநோய்க் காலத்தின் குடிபெயர்வு இத்தகையது.

இந்தக் குடிபெயர்வில் மருத்துவர் மட்டும் கலந்துகொள்ள இயலாது. ஊர் வெளியேறும்போது அவர் உள்ளே நிற்க வேண்டும். அவர் உள்ளே நிற்பதால் அவரது குடும்பமும் நோயின் வாயிலிலேயே நிற்க வேண்டியதாகும். சௌந்தரராஜனின் முடிவு இவ்வாறே வந்தது. பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்த அவரை அந்நோயே பற்றிக்கொண்டது. இறக்கும் தறுவாயில் மனைவியிடம் அவர் இரண்டு விருப்பங்களைத் தெரிவித்தார். அவர் மருத்துவம் பயில வேண்டும் என்பது ஒன்று; மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856 முதலே நடைமுறையில் இருந்தது. எனினும் சட்டம் இருப்பதும் ஒரு வைணவ அந்தணக் குடும்பம் அதனை எண்ணிப் பார்ப்பதும் வேறுவேறு. அத்தகைய சூழலில், சாகும் கணவர் தாமே மறுமணத்தை வேண்டினார் என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று. புறத்திணை மரபில் கணவனை இழந்தவளின் நோன்பு தாபத நிலை எனப்படும். அம்மரபின்படி மனைவிக்கு எஞ்சுவது உணவைச் சுருக்கி உறக்கத்தைச் சுருக்கி வாழும் வாழ்வே. சௌந்தரராஜனின் வேண்டுகோள் அந்நோன்பிலிருந்து மனைவியை விடுவிக்க முயன்றது. அவர் விட்டுச்சென்றது தொழில் ஒன்றையே.

ஓதற்பிரிவு

கணவரை இழந்த மகளைப் படிக்க அனுப்புவது என்று பெற்றோர் முடிவு செய்தனர். சுந்தரம் ஐயங்காரின் செல்வம் அதற்குத் துணையாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் செல்வம் மிகுந்த எல்லா வீடுகளும் இம்முடிவை எடுத்துவிடவில்லை. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளங்கைம்பெண்களுக்கென இல்லம் நடத்திவந்த காலம் அது. அவர்களுள் பெரும்பாலோர் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றனர். மருத்துவக் கல்வி நெடியது, தொலைவானது, ஆண்களும் பெண்களும் கலந்து பயில்வது. புதுக்கோட்டையின் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றிருந்தாலும், அவர் வழியில் செல்லப் பெண்கள் கூட்டமாக முன்வந்துவிடவில்லை.

சௌந்தரம் சேர்ந்தது தில்லியின் லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரி. 1916-இல் திறக்கப்பட்ட அக்கல்லூரி பெண்களுக்கெனவே அமைந்தது. ஆடவரோடு பயில்வதை விரும்பாத குடும்பங்கள் தம் மகளிரை அனுப்பத் தயங்காதிருப்பதற்கு அதுவே காரணமாயிற்று. மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தில்லி என்று நாள்கணக்கில் நீளும் தொடர்வண்டிப் பயணம், அறியாத மொழி, உடலை வருத்தும் குளிர். தென்கோடிப் பெண்ணொருத்திக்கு இவை யாவும் புதியவை.

ஓதல், பகை, தூது, பொருள் என்னும் காரணங்களால் தலைவன் பிரிவதைத் தொல்காப்பியம் கூறும். பிரிபவன் தலைவன்; இல்லிருந்து ஆற்றியிருப்பவள் தலைவி. கல்வியின் பொருட்டான பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்று கற்பியல் வரையறுக்கும். சௌந்தரத்தின் வாழ்வில் இவ்விலக்கணம் முற்றும் தலைகீழாகின்றது. ஓதற்குப் பிரிந்தவர் பெண். ஆற்றியிருக்கத் தலைவன் உயிரோடு இல்லை. பிரிவின் காலமும் மூன்றாண்டுக்குள் அடங்கவில்லை. அவர் 1936-இல் பட்டம் பெற்றார். அப்போது அகவை முப்பதைக் கடந்திருந்தது. சிறுமியாக மணந்து, இளமையில் கைம்மை எய்தி, நடுவயதை நெருங்கும்போது தொழிலில் கால் வைத்த ஒருவரின் காலக்கணக்கை மற்ற மாணவியரின் காலக்கணக்கோடு வைத்து நோக்குதல் பொருந்தாது.

தில்லி அவருக்குப் பட்டத்தோடு இரண்டு உறவுகளையும் தந்தது. கல்லூரியில் உடன்பயின்ற சுசீலா நய்யார் அவற்றுள் ஒன்று. சுசீலாவின் தமையன் பியாரேலால் காந்தியடிகளின் செயலர். சுசீலாவும் பின்னர்க் காந்தியடிகளின் மருத்துவராக விளங்கினார். இந்த நட்பின் வழியே சௌந்தரம் காந்திய வட்டத்துள் வந்தார். மற்றோர் உறவு ஜி. இராமச்சந்திரன். திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரைப் பகுதியில் 1904-இல் பிறந்து, சாந்திநிகேதனில் தாகூரின் மாணவராகப் பயின்று, சபர்மதி ஆசிரமத்தில் இணைந்தவர் அவர். அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்தார். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இருவருக்கும் இடையே தாய்மொழியும் சாதியும் வேறு.

ஓராண்டுக் காத்திருப்பு

மகளைத் தில்லிக்கு அனுப்பத் தயங்காத குடும்பம் இந்தக் காதலை ஏற்கவில்லை. இம்முரண் ஆராய்ச்சிக்கு உரியது. கைம்பெண்ணின் கல்வி குடும்பத்தின் பெருமையாக ஏற்கப்பட்டது. மருத்துவம் பயின்று தனித்து வாழ்ந்து பிறர்க்குத் தொண்டு செய்யும் மகளை மரபு ஒருவகைத் துறவியாகக் கண்டு வணங்கவும் கூடும். அவளே மறுபடியும் ஒருவருக்கு மனைவியாக விரும்புவது வேறு செய்தி. அதுவும் வேற்றுச் சாதியினரை, வேற்று மொழியினரை. சௌந்தரராஜனின் இரு விருப்பங்களுள் முதலாவதை நிறைவேற்றிய பிறந்தகம் இரண்டாவதன் வாயிலில் நின்றுவிட்டது.

சிக்கல் காந்தியடிகளிடம் சென்றது. அவர் கூறிய வழி கடுமையானது. இருவரும் ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாமலும் தொடர்பு கொள்ளாமலும் பிரிந்திருக்க வேண்டும். அதன்பின்னும் அன்பு மாறாதிருப்பின் மணம் செய்துகொள்ளலாம். பிற பிரிவுகள் ஓராண்டுக்குள் அமையும் என்னும் தொல்காப்பியக் கருத்தோடு இக்காலவரை ஒத்திருப்பது தற்செயலே. எனினும் அகத்திணை பயின்றவர்க்கு அவ்வொப்புமை கண்ணில் படாமல் போகாது.

இத்தகைய சோதனை இவர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராசாசியின் மகள் இலட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் ஒருவரையொருவர் விரும்பியபோது இரு தந்தையரும் ஐந்தாண்டுக் காத்திருப்பை விதித்தனர். 1933-இல் அம்மணம் பூனாவில் நடைபெற்றது. அங்கே காத்திருந்தவள் இளம்பெண், காக்கவைத்தவர்கள் பெற்றோர். சௌந்தரமோ முப்பத்தைந்தை எட்டிய மருத்துவர். தன் வருவாயில் தான் வாழ வல்லவர். அவரும் இவ்வோராண்டை ஏற்றார் என்பதை இன்றைய வாசகர் வியப்போடு நோக்கலாம், சிலர் குறையாகவும் கருதலாம். குடும்பத்தின் எதிர்ப்பை நேரில் உடைத்துக்கொண்டு செல்வதைவிட, எவரும் மறுக்க முடியாத ஒரு சோதனையைக் கடந்து செல்வது அவருக்கு வலிமையான வழியாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சேவாகிராமத்தில் காந்தியடிகள் அம்மணத்தை நடத்திவைத்தார். கஸ்தூரிபா நூற்ற நூலில் நெய்த புடவையை மணமகளும், காந்தியடிகள் நூற்ற நூலில் நெய்த வேட்டியை மணமகனும் உடுத்தினர். வேறுபட்ட சாதியினரிடையே நிகழும் இந்து மணங்களின் செல்லுபடியை ஐயமற நிலைநாட்டிய சட்டம் 1949-இல்தான் வந்தது. ஆக, சட்டத்தின் தெளிவான துணைக்கும் ஒன்பது ஆண்டுகள் முந்திய மணம் அது. பிறந்தகமும் புக்ககமும் இன்றி, ஓர் ஆசிரமத்தில் அவ்வில்வாழ்வு தொடங்கியது.

மருத்துவர் இருக்கும் ஊர்

மணந்தவர்கள் எங்கே குடியிருப்பது? மரபுப்படி மனைவி கணவனின் ஊருக்குச் செல்ல வேண்டும். இராமச்சந்திரனின் ஊர் திருவிதாங்கூரில். சௌந்தரத்தின் மொழியும் நோயாளிகளும் தமிழகத்தில். பெண் மருத்துவரைத் தேடி வரும் கிராமத்துத் தாய், தன் வலியைச் சொல்வதற்குத் தன் மொழி அறிந்த ஒருத்தியையே நாடுவாள். பேறுகால மருத்துவத்தில் மொழி என்பது பாதி மருந்து. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் நோயுற்றவனையே முதலில் வைத்து எண்ணுகின்றது. சௌந்தரத்தின் இல்லமும் நோயாளி இருந்த திசையிலேயே அமைந்தது.

இடையில் 1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்தது. இருவரும் அதில் ஈடுபட்டனர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் கஸ்தூரிபா சிறைக்காவலிலேயே மறைந்தார். அவர் நினைவாகத் தொடங்கப்பட்ட அறக்கட்டளை, கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்கென்றே அமைந்தது. அதன் தமிழகப் பொறுப்பைக் காந்தியடிகள் சௌந்தரத்திடம் ஒப்படைத்தார். தம் மணப்புடவைக்கு நூல் நூற்றவரின் பெயரிலான பணி அது.

தில்லியில் பட்டம் பெற்ற பெண் மருத்துவர் அந்நாளில் சென்னையிலோ மதுரையிலோ தனி மருத்துவமனை நடத்திப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். மதுரையில் தந்தையின் பெயரே போதிய முதலாக இருந்திருக்கும். சௌந்தரம் தேர்ந்தது சின்னாளபட்டியை. மதுரை–திண்டுக்கல் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தை ஒட்டிய நெசவாளர் ஊர் அது. அம்பாத்துறை தொடர்வண்டி நிலையம் அருகில் உள்ளது. பிறந்தகத்திற்கு எட்டிய தொலைவில், ஆனால் பிறந்தகத்தின் வாழ்க்கை முறைக்கு எட்டாத தொலைவில் அவ்விடம் அமைந்திருந்தது. 1947-இல் காந்திகிராமம் அங்கே தொடங்கப்பட்டது. அதன் மருத்துவப்பணி இரண்டே படுக்கைகளோடு தொடங்கி, கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

இரண்டு படுக்கைகள் என்பதைத் தொண்டு நிறுவன வரலாறுகள் எளிய தொடக்கத்தின் அடையாளமாகச் சொல்லிச் செல்லும். இல்வாழ்வின் பக்கத்திலிருந்து நோக்கினால் அதற்கு வேறு பொருள் உண்டு. பேறுகால மருத்துவத்திற்கு நேரக்கட்டுப்பாடு இல்லை. மாற்றி நிற்க வேறு மருத்துவர் இல்லாத ஊரில், பேறு பார்க்கும் மருத்துவர் ஊரை விட்டு நகர இயலாது. விழாவுக்கும் உறவினர் வீட்டு மணத்திற்கும் செல்வதுகூட ஒரு கருவுற்ற பெண்ணின் நாள்கணக்கைப் பார்த்தே முடிவாகும். கொள்ளைநோய்க் காலத்தில் சௌந்தரராஜன் நகர முடியாமல் நின்ற நிலையும் இதுவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முன்னர் அந்நிலையின் துயரை மனைவியாக ஏற்றவர், இப்போது அதனை மருத்துவராக ஏற்றார்.

ஆகவே, நகர்ந்தவர் கணவர். 1948-இல் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான திருவிதாங்கூர் அமைச்சரவையில் இராமச்சந்திரன் இடம்பெற்றார். கிராமக் கைத்தொழில், காந்தி நினைவு நிதி எனப் பல பணிகள் அவரைத் திருவனந்தபுரத்திற்கும் வார்தாவுக்கும் தில்லிக்கும் அழைத்தன. அவர் சென்று சென்று திரும்பிய இடம் காந்திகிராமம். தலைவன் வினைமுற்றி மீளும் இல்லம் என்று இதனை முல்லைத்திணையின் கண்ணால் காணத் தோன்றும். ஆனால் முல்லையின் தலைவி கார்காலத்தை எண்ணிக் காத்திருப்பாள். இங்கே தலைவிக்குக் காத்திருக்கப் பொழுது இருந்ததில்லை. பயிற்சி மருத்துவச்சிகளும் கிராம சேவிகைகளும் ஆதரவற்ற குழந்தைகளும் நிறைந்த ஒரு வளாகமே அவருடைய வீடு. குடும்பத்திற்கும் நிறுவனத்திற்கும் இடையே சுவர் இல்லாத அத்தகைய வாழ்வில், கணவன் மனைவி இருவர்க்கும் மட்டும் உரிய பொழுது எவ்வளவு எஞ்சியது என்ற வினாவை வாழ்க்கை வரலாற்று நூல்கள் பொதுவாகக் கேட்பதில்லை.

இராமச்சந்திரனின் பங்கு கல்வியில் மிகுதி. 1956-இல் காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தோன்றியது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மனைவி மருத்துவமனையையும் கணவர் கல்வி நிலையத்தையும் ஒரே மண்ணில் வளர்த்தமையால், மருத்துவரின் துணைவர் தம் தொழிலை இழந்து பின்செல்ல நேர்வது என்னும் வழக்கமான இழப்பு இவ்வில்லத்தில் பெரிதும் தவிர்ந்தது. இதற்கு இருவரின் மனவொற்றுமையை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. ஊரையே புதிதாக அமைத்துக்கொண்டமையால்தான் இது இயன்றது. ஏற்கெனவே உள்ள ஊருக்குப் பணிமாற்றத்தில் செல்லும் மருத்துவக் குடும்பத்திற்கு இவ்வாய்ப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீண்டும் தில்லி

1952, 1957 ஆகிய ஆண்டுகளில் சௌந்தரம் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். சட்டமன்றப் பணி சென்னைக்கும் சின்னாளபட்டிக்கும் இடையே அவரை அலைக்கழித்தாலும், குடியிருப்பு மாறவில்லை. 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேருவின் அமைச்சரவையில் கல்வித்துறைத் துணையமைச்சரானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். கைம்பெண் மாணவியாகச் சென்ற தில்லிக்கு, பட்டம் பெற்று இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் குடியேறினார்.

இம்முறை தில்லியில் பழைய தோழியும் இருந்தார். சுசீலா நய்யார் 1962 முதல் 1967 வரை நடுவணரசின் நலவாழ்வுத்துறை அமைச்சர். லேடி ஹார்டிஞ்சுக் கல்லூரியில் உடன்பயின்ற இருவர் ஒரே காலத்தில் ஒரே அரசில் பணியாற்றினர். சுசீலா மணம் செய்துகொள்ளாதவர். தொழிலுக்கும் இல்லத்திற்கும் இடையே இழுபறி நேராத வழியை அவர் தேர்ந்தார். சௌந்தரம் இருமுறை மணந்தவர். இராமச்சந்திரனும் 1964-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கணவனும் மனைவியும் ஒரே நகரில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் அமர்ந்த சில ஆண்டுகள் அவை. பணியின் பொருட்டு இருவரும் ஒருசேர இடம்பெயர்ந்த காலமும் அதுவே. அந்த இடப்பெயர்வுக்கு மருத்துவம் காரணமாக இல்லை என்பது கருதத்தக்கது. மருத்துவத்தை அவர் கைவிட்டிருந்த ஆண்டுகளில்தான் அவரால் ஊரை விட்டு நெடுநாள் நீங்கியிருக்க முடிந்தது. அதற்குள் காந்திகிராம மருத்துவமனையும் ஒருவரை மட்டும் நம்பி நில்லாத அளவுக்கு வளர்ந்திருந்தது. 1964-இல் கிராமிய நலவாழ்வுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குமான நிறுவனமும் அங்கே அமைந்தது.

1967-இல் அமைச்சுப் பொறுப்பு முடிந்தது. சுந்தரம் ஐயங்கார் 1955-இலேயே மறைந்திருந்தார். மதுரையின் பெரிய வீடோ கணவரின் நெய்யாற்றின்கரையோ தில்லியோ அவருடைய பிற்கால வாழ்விடம் ஆகவில்லை. இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இருந்த ஊருக்கே அவர் திரும்பினார்.

டாக்டர் சௌந்தரம் 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் மறைந்தார். அவருக்குப் பின்னர்ப் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்த இராமச்சந்திரன் 1995 ஜனவரியில் காலமானார். 2005-இல் இந்திய அஞ்சல் துறை சௌந்தரத்தின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. அவர் மறைந்தபோது ஓசூர் ஆலை மொபெட்டுகளைச் செய்யத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருக்குறுங்குடியின் முதலெழுத்தைத் தாங்கிய வண்டிகள், பணியிடத்திற்கும் வீட்டிற்கும் இடையே குடும்பங்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன.